முன்னிலையில் ஒரு நாவல்

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பாகுபாட்டை நாம் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்துவிடுகின்றோம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் விடுகின்றோம். பேசுபவர், கேட்பவர், பேசப்படுபவர் என்ற மூவரையும் குறிக்கும் இச்சிறிய இலக்கண விதி ஒரு வீட்டினுள் புகுந்து அங்குள்ளோரின் நித்திரையைக் கெடுக்கவும் வல்லது என்பதைச் சென்ற விடுமுறையின்போதுதான் நான் அறிந்துகொண்டேன். அதற்குக் காரணமாயமைந்தது ஓர் ஆங்கில நாவல். அதுவும் எமது நாட்டவர் ஒருவர் எழுதிய நாவல்.

ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மெய்டாவின் ஏழு நிலவுகள்' 2022 ஆம் ஆண்டில் புக்கர் பரிசினைப் பெற்றதைப் பலரும் அறிவர். அதன் முதல் வடிவம் 2020 இல் வேறொரு தலைப்புடன் இந்தியாவில் வெளிவந்தது. கதை நிகழும் களம் 1990 ஆம் ஆண்டின் கொழும்பு. போர்க்களப் புகைப்படக்காரனும் சூதாடியுமாகிய மாலி, நாவல் தொடங்கும்போதே இறந்துபோயிருக்கின்றான். அவன் கண் விழிக்கும் மறுவுலகம் சொர்க்கமுமன்று, நரகமுமன்று, ஓர் அலுவலகம். வரிசை, படிவம், பொறுமையிழந்த கூட்டம், பதில் சொல்ல மறுக்கும் அலுவலர் என யாவும் அங்கே உண்டு. எமது கச்சேரிகளில் ஒரு முற்பகலைக் கழித்த எவருக்கும் அவ்வுலகம் புதிதாகத் தோன்றாது. தன்னைக் கொன்றவர் யாரென்பது அவனுக்கு நினைவில்லை. அவனுடைய உடல் துண்டிக்கப்பட்டுப் பேரை வாவியில் எறியப்பட்டிருக்கின்றது. கட்டிலொன்றின் கீழே ஒரு பெட்டியில் அவன் மறைத்து வைத்த புகைப்படங்கள் உள்ளன; 1983 ஆம் ஆண்டு வன்செயலின் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். தன் அன்புக்குரியவனான டிடியையும் தோழி ஜக்கியையும் அப்பெட்டியிடம் வழிநடத்த அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள்.

கதைச் சுருக்கம் இவ்வளவே போதும். எமது மொழிபெயர்ப்புப் பாடத்திற்காக ஆங்கில நாவலொன்றிலிருந்து நாலைந்து பக்கங்களைத் தெரிந்து தமிழாக்குமாறு விரிவுரையாளர் பணித்தபோது, சற்றேனும் யோசியாமல் இந்நாவலை எடுத்தேன். கொழும்பு, யுத்தம், 1990 என்ற மூன்றும் நாம் அறிந்தவையே. ஆதலால் இலகுவாயிருக்கும் என எண்ணினேன். முதல் வாக்கியத்திலேயே இடறி விழுந்தேன்.

இந்நாவல் முன்னிலையில் எழுதப்பட்டது. 'நான் விழித்தேன்' என்றோ 'மாலி விழித்தான்' என்றோ அது கூறுவதில்லை. விழித்துக்கொண்டவனை நோக்கி, அவன் விழித்துக்கொள்கின்றான் என்பதை அவனுக்கே சொல்லுகின்றது, அதுவும் நிகழ்காலத்தில். தன்மைக் கூற்றில் அமைந்த நாவல்களும் படர்க்கைக் கூற்றில் அமைந்த நாவல்களும் எமக்குப் பழக்கமானவை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' போன்று, அகதி விண்ணப்பத்தின் உருவத்தில் தொடங்கிப் பின்னர் வேறு குரல்களுக்கு மாறும் நாவல்களும் உண்டு. ஆயின் நானூறு பக்க அளவில் ஒரு பாத்திரத்தை 'நீ' என்று விளித்துக்கொண்டே செல்லும் நாவலை நான் அதற்கு முன்னர் வாசித்ததில்லை.

யார் இந்த 'நீ'? தொடக்கத்தில் வாசகராகிய நாமே விளிக்கப்படுவதாக ஒரு மயக்கம் ஏற்படுகின்றது. சில பக்கங்களில் அம்மயக்கம் தெளிந்துவிடும். இறந்தவன் தனக்குத் தானே பேசிக்கொள்கின்றான். தன்மைக் கூற்றில் இதனைச் சொல்லியிருக்கலாகாதோ என்று கேட்கலாம். என் சிறு அறிவுக்கு எட்டியவரை, சொல்லியிருக்க முடியாது. 'நான்' என்று தொடங்குபவனுக்குத் தன்னைப்பற்றி ஓரளவு முழுமையான அறிவு இருத்தல் வேண்டும். இங்கோ சொல்லுபவனுக்குத் தன் மரணமே தெரியவில்லை. அவன் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றான்: வாழ்ந்த ஒருவன், அவனை நினைவுபடுத்த முயலும் இன்னொருவன். 'அவன்' என்று சொல்லியிருந்தாலோ, மாலியைப் பிணமாக்கியவர்களின் வேலையை நாவலாசிரியர் இரண்டாந்தடவை செய்து முடித்ததாகிவிடும். எஞ்சியிருப்பது முன்னிலை ஒன்றே.

நோக்குநிலை பற்றிய பாடங்களில் எமக்கு ஒரு வினா வழக்கமாகக் கற்பிக்கப்படுவதுண்டு. கதைசொல்லி எதனை அறிவார், எதனை அறியார். அந்த எல்லையை வகுப்பது எது? கருணாதிலக இவ்வினாவிற்குக் கண்டுள்ள விடை வியக்கத்தக்கது. இந்நாவலில் ஆவிகள் நினைத்தவிடமெல்லாம் செல்லவியலாது. தம் உடல் சென்ற இடங்களுக்கும், தம் பெயர் உச்சரிக்கப்படும் இடங்களுக்கும் மாத்திரமே காற்றில் ஏறிச் செல்லலாம். ஆகவே மாலியின் பெயரை யாரேனும் ஓர் அறையில் சொன்னால் அடுத்த கணம் அவன் அங்கே நிற்கின்றான். அங்குப் பேசப்படுவது யாவும் கதைக்குள் வந்துவிடுகின்றது. எல்லாமறிந்த கடவுள் நோக்கும் வேண்டியதில்லை, ஒரு மனிதனின் கண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கவும் வேண்டியதில்லை. வாசித்த வேளையில் இதனை ஒரு கெட்டிக்காரத்தனமான உத்தியென்று மட்டுமே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

முன்னிலைக் கூற்று மேலைத்தேயத்தின் புதுமை என மயங்கவேண்டியதில்லை. ஆற்றுப்படை நூல்கள் யாவை? பரிசில் பெற்று வரும் ஒரு பாணனோ பொருநனோ, வழியிற் கண்ட இன்னொருவனை நோக்கி, நீ இவ்வழியே செல்வாய், இன்னின்னவற்றைக் காண்பாய் என்று கூறுவதன்றோ அவை? நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே குறளில் உண்டு. தன் நெஞ்சையே முன்னிலையாக்கிப் பேசும் மரபு எமக்கு மிகப் பழையது. எல்லாவற்றுக்கும் மேலாக எமது ஒப்பாரி இருக்கின்றது. ஒப்பாரி இறந்தவரைப் படர்க்கையிற் பேசுவதில்லை. பிணத்தின் முகத்தை நோக்கி, ஏன் போனாய், எப்போது வருவாய் என்றே கேட்கின்றது. உயிரோடிருப்பவர் இறந்தவரைப் பார்த்து 'நீ' என்பது ஒப்பாரி. இறந்தவன் தன்னைத் தானே பார்த்து 'நீ' என்பது இந்நாவல். பேரை வாவியில் எறியப்பட்டவனுக்கு ஒப்பாரி சொல்ல எவரும் இலர். அவன் இறந்ததே எவருக்கும் தெரியாது. ஆகையால் அவனே சொல்லிக்கொள்கின்றான் போலும்.

இனி மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கு வருவோம். ஆங்கிலத்திலுள்ள முன்னிலைச் சொல் ஒன்றே. சிறுவனுக்கும் அதுவே, சனாதிபதிக்கும் அதுவே. தமிழிலோ 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்; யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு இடையில் 'நீர்' என்று இன்னொன்றும் உண்டு. கணவன் மனைவியரும், ஒத்த வயதினரான படித்தவர்களும், சற்று விலகி நின்று அன்பு காட்டும் மூத்தோரும் வழங்கும் சொல் அது. ஹற்றனிலிருந்து வந்த என் அறைத்தோழிக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "நீர்னா தண்ணிதானே, அதுல யாரைக் கூப்பிடுறீங்க?" என்று முதலாம் ஆண்டில் அவள் கேட்டது எங்கள் விடுதியில் இன்றும் வழங்கும் பகிடி.

நான் 'நீர்' என்பதையே தெரிந்தேன். கூறிய காரணம் இலக்கணமானது. தமிழ் வினைமுற்று இடத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பது. 'எழும்புகிறாய், பார்க்கிறாய், சிரிக்கிறாய், ஓடுகிறாய்' என்று பக்கம் பக்கமாக அடுக்கினால் அது கதையாகத் தோன்றாது; குற்றப்பத்திரிகை வாசிப்பது போலிருக்கும். 'எழும்புகிறீர், பார்க்கிறீர்' என்பதில் ஓர் ஏளனமும் இடைவெளியும் இருக்கின்றன. மாலியின் கேலிக்கு அது பொருந்தும். இவ்வாறு என் குறிப்பில் எழுதினேன். உண்மையான காரணம் வேறு என்பது பின்னரே தெரியவந்தது.

மாலியின் கேலி என்றேன். நாவலின் நடை முழுவதும் அக்கேலியில் தங்கியிருக்கின்றது. குறுகிய வாக்கியங்கள், வாய்க்கு வந்தபடி சொல்வது போன்ற தொனி, பயங்கரமான செய்தியொன்றின் வாலில் ஒரு பகிடி. இயக்கங்கள், கட்சிகள், படைகள், உளவு நிறுவனங்கள் ஆகியவற்றின் எழுத்துச் சுருக்கங்களை அந்நியர் ஒருவருக்கு விளக்கும் பட்டியலொன்றும் நாவலில் வருகின்றது. எமது நாட்டின் ஒரு காலகட்டம் முழுவதும் மூன்றெழுத்துகளுக்குள்ளும் நான்கெழுத்துகளுக்குள்ளும் அடங்கிப்போனதை அப்பட்டியல் நன்றாகவே உணர்த்துகின்றது. எனினும் இப்பகிடிகள் சில இடங்களில் அலுப்பூட்டுகின்றன. அறுத்துக் குவிக்கப்பட்ட உடல்களுக்கு நடுவே எட்டாவது பகிடியைக் கேட்கும்போது புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும். இன்னொரு குறையும் எனக்குண்டு. தந்தை வழியிற் சிங்களவனும் தாய் வழியில் பறங்கியரதும் தமிழரதும் கலப்புமாகிய மாலி, வடக்கைக் கமராவின் ஊடாகவே காண்கின்றான். அங்குள்ள கிராமத்தவர் அவன் எடுத்த படங்களில் இருக்கின்றனர். பேசுவது மிகக் குறைவு. வாசகருக்கும் அந்தத் தூரமே விதிக்கப்படுகின்றது. இது ஆசிரியரின் தவறா, புகைப்படக்காரன் ஒருவனை நோக்குநிலையாகக் கொண்டதன் விலையா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

இதற்கு நேரெதிரானது அனுக் அருட்பிரகாசத்தின் 'வடக்கு நோக்கிய பயணம்'. 2021 ஆம் ஆண்டில் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்ற அந்நாவல் படர்க்கையில், கிரிஷான் என்ற இளைஞனின் மனத்தை ஒட்டியே செல்கின்றது. நேரடி உரையாடல் இல்லை; வாக்கியங்கள் சில பக்கத்தின் பெரும்பகுதியையே நிரப்பிவிடும். அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்னும் பெண் கிணற்றில் விழுந்து இறந்ததைக் கேள்வியுற்று அவன் கொழும்பிலிருந்து வடக்கே செல்வதே கதை. அங்குத் துயரம் நிதானமாகச் சிந்திக்கப்படுகின்றது. இங்கு மூச்சுவிட நேரமில்லை. நான் அனுக்கின் நடையையே பெரிதும் விரும்புபவள். ஆனால் விடுமுறைக்கு வீடு சென்றபோது பையிலிருந்தது மற்றைய நாவல்.

இன்னொன்றையும் சொல்லிச் செல்ல வேண்டும். மறுவுலக அலுவலகத்தில் மாலியை நல்வழிப்படுத்த முயலும் கலாநிதி ராணி ஸ்ரீதரன் என்ற பாத்திரத்தின் பின்னணியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்து, 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகம நிற்கின்றார். அவரைப்பற்றி எம்மிடையே பேசப்படும்போது குரல்கள் தாமாகவே தாழ்ந்துவிடுவதைக் கேட்டிருக்கின்றேன். நாவலில் அவர் மாலியைக் கண்டிக்கின்றார், அவனோடு வாதிடுகின்றார், பொறுமையிழக்கின்றார். படர்க்கைக்கு ஒதுக்கப்பட்ட ஒருவர் மீண்டும் வாதத்துக்கு வந்துவிட்டது போலிருந்தது.

எமது வீடு வடமராட்சியில் உள்ளது. அம்மம்மாவுக்கு வயது எண்பத்து மூன்று. அம்மாவின் தமையனார், எனக்கு மாமா, 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் கொழும்புக்கென்று வீட்டிலிருந்து புறப்பட்டவர். அப்போது அவருக்கு இருபது வயது. கொழும்பை அவர் சென்றடையவில்லை. வழியில் எங்கே, எவரால், ஏன் என்ற வினாக்களுள் ஒன்றுக்கேனும் இன்றுவரை விடை கிடைத்ததில்லை. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது அது. அவரைச் சுவரிலுள்ள புகைப்படமாகவே அறிவேன். அதற்கு மாலை போடுவதில்லை.

இந்நாவலைத் தமிழாக்க முனைந்த பின்னரே எங்கள் வீட்டின் இலக்கணத்தை நான் கவனிக்கத் தொடங்கினேன். அம்மா மாமாவைப்பற்றிப் பேசும் வாக்கியங்களில் வினைமுற்று இருப்பதில்லை. "அண்ணாவுக்கு ஒடியற்கூழ் விருப்பம்." "அண்ணாவுக்குக் கணக்கிலை நல்ல கெட்டித்தனம்." 'விரும்பினார்' என்றால் அவர் இறந்துவிட்டார், 'விரும்புகிறார்' என்றால் அவர் எங்கே என்ற கேள்வி எழும். தமிழில் வினையின்றியும் வாக்கியம் அமைக்கலாம் என்ற சலுகையில் அம்மா முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடத்தியிருக்கின்றார். அம்மம்மாவுக்கு அச்சலுகை தேவைப்படவில்லை. மாலையில் விளக்கேற்றியதும் படத்தின் கீழ் நின்று, பெயர் சொல்லி, நேரடியாகவே கதைப்பார். அன்று யார் வீட்டில் கலியாணம், எந்த மாடு கன்று ஈன்றது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பன யாவும் அதில் வரும். "நீ வரேக்கை இந்த மா காய்ச்சிருக்கும்" என்பார். விசாரணைக் குழுக்கள் சிலவற்றின் முன்னும் அவர் சென்று வந்தவர். அங்கே நிரப்பிய படிவங்களெல்லாம் படர்க்கையில் அமைந்தவை: காணாமற்போனவரின் பெயர், காணாமற்போனவரின் வயது, காணாமற்போனவர் கடைசியாகக் காணப்பட்ட இடம். தன் மகனை 'காணாமற்போனவர்' என்ற சொல்லால் அம்மம்மா குறிப்பிட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு பிற்பகல், தமிழாக்கிய பக்கங்களை ஓசை சரியாக இருக்கின்றதா என்று அறிவதற்காக விறாந்தையிலிருந்து உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தார். செவிமடுப்பதாக நான் நினைக்கவில்லை.

"ஆர் பிள்ளை ஆருக்குச் சொல்லுறது?" என்று கேட்டார்.

கதைக்கூற்று முறைபற்றி நான் படித்த நூல்கள் அத்தனையும் இந்த நான்கு சொற்களோடுதான் தொடங்குகின்றன.

"செத்துப்போன ஒருத்தர் தனக்குத்தானே சொல்லுறார், அம்மம்மா."

"செத்தது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தாய்க்கு?"

"தாய்க்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறா."

இலை ஆய்வது நின்றது. "அப்ப ஏன் தன்னோடை கதைக்கிறான்? தாயோடையெல்லோ கதைக்க வேணும்."

தாய் என்றதும் 'அவர்', 'அவன்' ஆகிவிட்டதை அந்த வேளையிலும் என் காது குறித்துக்கொண்டது. இதற்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

"தாய்க்குக் கேக்காது, அம்மம்மா."

"கேக்காதெண்டு ஆர் சொன்னது?"

சற்று நேரத்தின் பின், "தனக்குத் தானே ஆரும் நீர் எண்டு சொல்லுவினமோ?" என்றும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. 'நீ' என்ற சொல்லை நான் ஏன் தவிர்த்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. எங்கள் வீட்டில் அச்சொல் ஏற்கெனவே ஒருவருக்குரியதாக இருந்தது. இறந்துபோன ஒருவனுக்கு அதனைக் கொடுக்க என் கை எழவில்லை.

அன்றிரவு அம்மம்மா உறங்கவில்லை. விளக்கை அணைக்கவும் விடவில்லை. அம்மா குசினியில் என்னிடம், "உதை ஏன் அவவுக்கு வாசிச்சனீ?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம் குறைவாகவே இருந்தது.

அடுத்த நாள் 'நீர்' யாவற்றையும் 'நீ' என்று திருத்தினேன். குற்றப்பத்திரிகை போலிருக்கும் என்று நான் அஞ்சியது நடக்கவில்லை. விகுதியே இடத்தை உணர்த்துவதால் பெரும்பாலான இடங்களில் 'நீ' என்ற சொல்லையே விட்டுவிட முடிந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் சுட்டுவிரல்போல் நீட்டிக்கொண்டு நிற்கும் அச்சொல், தமிழில் வினையின் வாலுக்குள் மறைந்துகொண்டது. அம்மம்மா படத்தோடு கதைக்கும்போதும் அவ்வாறே.

ஒரு பகுதியை மட்டும் என்னால் செய்து முடிக்க இயலவில்லை. மாலியைக் காணவில்லை என்று முறையிட அவன் தாயும் நண்பர்களும் பொலிஸ் நிலையத்துக்கு வருகின்றனர். பெயர் சொல்லப்படுகின்றது. விதிப்படி அவன் அங்கே வந்துவிடுகின்றான்; அவர்கள் பேசுவதைக் கேட்டபடி நிற்கின்றான். அவர்களுக்கு அவன் தெரியவில்லை. முறைப்பாடு செய்யச் சென்ற தாய்மாரின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். எந்த வாங்கிலில் இருந்தார்கள், எத்தனை மணித்தியாலம் காத்திருந்தார்கள், யார் ஏசினார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்பனவெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அறையை மற்றப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. உத்தி என்று குறிப்பேட்டில் எழுதி வைத்ததை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதனையும் எழுதவில்லை.

அப்பகுதியின் முதல் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, ஈற்றில் வினையில்லாமலே விட்டுவிட்டேன்: தாய் பொலிஸ் நிலையத்தில், மகன் பக்கத்தில். விரிவுரையாளர் அதன் கீழே சிவப்புக் கோடிட்டு, "வினைமுற்று எங்கே?" என்று எழுதியிருந்தார். கேள்வி நியாயமானதே, மூலத்தில் வினை இருக்கின்றது. ஏனைய பக்கங்களுக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன.

பல்கலைக்கழகம் திரும்பி மூன்று வாரங்களின் பின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மம்மா வாங்கிப் பேசினார். சாப்பாடு, மழை, விடுதிக் குளிர் எல்லாம் விசாரித்தபின், "பிள்ளை, அந்தப் பெடியன்ரை தாய் கடைசியிலை கண்டுபிடிச்சாவோ?" என்று கேட்டார்.

"இன்னும் வாசிச்சு முடியேல்லை, அம்மம்மா" என்றேன்.

நாவலை நான் அதற்குள் இரண்டு தடவை வாசித்து முடித்திருந்தேன்.